ஐந்தாவது மூடி

காலை பதினொரு மணிக்கு எங்கள் ஆபீஸ் படியேறி வந்த அந்தம்மா, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"என் வீட்டுக்காரர் திருடலைன்னு இன்னைக்கு நாலு மணிக்குள்ள நிரூபிக்கணும். முடியுமா, முடியாதா?"

"நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி கழிச்சுக்கலாமா?" என்றேன் நான்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எங்கள் வீட்டில் மிக்ஸிகூடச் சத்தமில்லாமல் அரைக்கும். நான் வாயை மூடிக்கொண்டு நோட்டைத் திறந்தேன்.

அண்ணி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணன் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் பத்து மாசம் கடலில் நிம்மதியாக இருக்கிறான். அண்ணி பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, யார் புளுகுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவர். அதை விட்டுவிட்டு இந்தத் துப்பறியும் ஆபீஸைப் போட்டார். எனக்கு எந்த வேலையும் ஆறு மாசத்துக்கு மேல் ஒட்டாது என்பது தெரிந்து, சும்மா கிடப்பதற்கு இங்கே கிடக்கட்டும் என்று என்னை அசிஸ்டெண்ட் ஆக்கினார். நல்ல மனநிலையில் இருந்தால் "தம்பி" என்பார். இல்லாவிட்டால் பேர் எதுவும் கிடையாது, விரலைச் சொடுக்குவார்.

அந்தம்மா சொன்ன கதை இது. கணவர் வண்டிக்குத் தரை போடுகிற மாஸ்டர். காடு மேடு ஏறுகிற ஜீப்புகளுக்குக் கம்பெனிக்காரன் வரவேற்பறை மாதிரி கார்ப்பெட் போட்டு அனுப்புவான். ஒரு மழைக்காலம் போனால் அது ஊறி, நாறி, அடியில் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, சேறு சகதி எதற்கும் அசையாத கனமான ரப்பர் தரையை வெட்டிப் பொருத்துவதுதான் மாஸ்டரின் தொழில். திங்கட்கிழமை மாட்டு டாக்டர் தன் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். புதன்கிழமை புதுத் தரையோடு சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். நேற்று வியாழன் சாயங்காலம் திரும்பி வந்து, பட்டறை வாசலில் நின்று கத்தினார். டிரைவர் பக்கம், கதவோரக் கார்ப்பெட்டுக்கு அடியில், ஒரு கல் வைத்த மோதிரத்தைப் பொட்டலம் கட்டி ஒளித்து வைத்திருந்தாராம். வண்டியை விடுகிற அவசரத்தில் அதை எடுக்க மறந்து, நேற்றுத்தான் ஞாபகம் வந்ததாம். இப்போது கார்ப்பெட்டும் இல்லை, மோதிரமும் இல்லை.

இதில் நாலு மணி எங்கே வந்தது என்றால், மலை மீட்புப் படையின் தலைவர் இன்றைக்கு நாலு மணிக்குப் பட்டறைக்கு வருகிறார். படையின் பன்னிரண்டு ஜீப்புக்கும் தரை மாற்ற வேண்டும், மாஸ்டரின் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார். அவரிடம் சிபாரிசு செய்ததே டாக்டர்தான். மோதிரம் வராவிட்டால் அதே நாலு மணிக்கு வந்து, படைத் தலைவர் முன்னாலேயே திருடன் என்று சொல்லிவிட்டு, நேரே போலீசுக்குப் போவதாக டாக்டர் கெடு வைத்திருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றார் அண்ணி.

அந்தம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். "நான் திருடலைங்கறார். அதை நான் நம்புறேன். 'மோதிரத்தைக் கண்ணால பாத்தீங்களா'ன்னா இல்லைங்கறார். 'அப்ப அடியில எதையுமே பாக்கலையா'ன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் வாயே திறக்கலை. பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட எதையும் மறைச்சதில்லை. எடுத்திருப்பாரோன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிடுச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

நான் நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன். அண்ணி மட்டும் சம்பந்தமே இல்லாமல், ராத்திரி அவர் தூங்கினாரா என்று கேட்டார். நல்ல குறட்டை, விடிகிற வரைக்கும் நிற்கவில்லை, தான்தான் பொட்டுக் கண் மூடவில்லை என்றார் அந்தம்மா.

"அப்ப எடுக்கலை," என்று அண்ணி எழுந்தார். "இவ்வளவு பெரிய பழி தலைக்கு மேல தொங்கும்போது, மனசுல கறை இருக்கிறவன் விடிய விடியக் குறட்டை விட மாட்டான். தம்பி, வண்டிச் சாவி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பட்டறையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, என் அலமாரி அப்படி இருந்ததே இல்லை. கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் முட்டை அட்டைகளில் ஒரு குழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு குழிக்கும் எண். கத்திகள், சாக்கட்டி, வெட்டி மீந்த ரப்பர் துண்டுகள், எல்லாவற்றுக்கும் ஓர் இடம். சுவரில் பெயின்ட்டில் எழுதியிருந்தது: "எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம்." இதை என் பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்திருந்தால் நான் வேறு பள்ளிக்குப் போயிருப்பேன்.

மாஸ்டர் ஒடிசலான மனிதர். பேசினால் தொண்டை கரகரவென்று கட்டியிருந்தது. ரப்பர் தூசி என்றார் அவர் மனைவி. அண்ணி மோதிரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. தரை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், மாஸ்டருக்குக் கரகரத்த தொண்டையிலும் உற்சாகம் வந்துவிட்டது. சீட்டுகளை, பெல்ட்டை, கியர் பக்கத்துப் பெட்டியை எல்லாம் கழற்றினால்தான் கார்ப்பெட் வெளியே வரும், ஏனென்றால் அது ஒரே துண்டு. அதைக் குப்புறப் போட்டு, ரப்பர் ஷீட்டையும் குப்புறப் போட்டு, மேலே வைத்துச் சாக்கட்டியால் வரைந்து வெட்ட வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டால் டிரைவர் பக்கம் இடம் மாறிவிடும், முழு ஷீட்டும் பாழ். வண்டியின் இரும்புத் தரையில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கும். அதே இடத்தில் ரப்பரிலும் துளை போட்டு ஒவ்வொன்றுக்கும் மூடி வைப்பார். அளவு பார்த்த பழைய கார்ப்பெட்டை ஒரு மாசம் வரைக்கும் தூக்கிப் போட மாட்டார்.

"டாக்டர் வண்டிக் கார்ப்பெட் இருக்கா?" என்றார் அண்ணி.

இருந்தது. நானும் மாஸ்டரும் தூக்கி வந்து விரித்தோம். அடித்த வாடையில் எனக்கு மதியச் சாப்பாட்டு ஆசையே விட்டுப்போனது. அண்ணி மண்டியிட்டு, ஜவுளிக்கடையில் புடவையோரம் பார்ப்பவர் மாதிரி அதை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கதவோரம் டாக்டர் சொன்ன கிழிசல் இருந்தது, உள்ளே காலி. நாலு பக்கமும் கணுக்கால் உயரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு ஓடியது. தண்ணீர் நின்று வற்றிய கோடு. ஆக்ஸிலரேட்டருக்கு முன்னால் குதிகால் தேய்த்துப் பள்ளமான இடம். அதிலும் ஒன்றில்லை, இரண்டு பள்ளம். ஒன்று பெரியது, பின்னால் தள்ளி. இன்னொன்று நாலு விரல் முன்னால், சின்னது.

"தம்பி, இது என்ன?"

"டாக்டர் ஒரு காலை மாத்தி மாத்தி வைக்கிறார்."

"நீளக் கால் செருப்பு ஒண்ணு, குட்டைக் கால் செருப்பு ஒண்ணு. ஒரு வண்டி, ரெண்டு டிரைவர்." சொல்லிவிட்டு அண்ணி கார்ப்பெட்டைத் திருப்பினார். பக்கத்து சீட் வருகிற இடத்தில், அடியில் ஒட்டிய கம்பளியில், துருவின் நிறத்தில் ஒரு சின்னச் செவ்வகம் பதிந்திருந்தது. ஏதோ தட்டையான தகர டப்பா வெகுநாள் அங்கே குடியிருந்திருக்கிறது.

அண்ணி நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"நீங்க எதையும் எடுக்கலை. சரி. எதையாவது பாத்தீங்களா?"

"வண்டியிலேர்ந்து ஒரு தூசியைக்கூட என் பட்டறையில நான் எடுத்து வைக்கலைங்க," என்றார் மாஸ்டர். ஒரு கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கண்ணில் நின்றது கோபமா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்றரை. கேட் வாசலிலேயே எங்களை மடக்கினார். ஆறடி ஆள், பளபளவென்று வழுக்கை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மோதிரத்தைப் பற்றி வீட்டுக்குள் மூச்சு விடக்கூடாது என்றார். நாளை மறுநாள் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய மோதிரம் அது. வீட்டில் எதை எங்கே வைத்தாலும் அந்தம்மா கண்டுபிடித்துவிடுவார் என்பதால்தான் ஜீப்பில் ஒளித்தாராம். சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் வீட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

நாங்கள் தரை பார்க்க வந்தவர்கள் என்று ஏற்பாடு. போர்டிகோவில் ஜீப் நின்றது. டாக்டரின் மனைவி டீ கொண்டுவந்தார், சின்ன உருவமாக, சுறுசுறுப்பாக. வாசலில் அவர் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அளவு. நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எங்களுக்கு டெமோ காட்டினார். ஒரு வாளித் தண்ணீரை வண்டிக்குள் அப்படியே கொட்டி, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நாலு மூடியைத் திறந்துவிட்டார். தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கியது. ஒரு துணி போட்டுத் துடைத்ததும் தரை புதுசு போல இருந்தது. கன்றுக்குட்டியையே வண்டிக்குள் பிரசவம் பார்க்கலாம் என்றார் பெருமையாக. மனைவி உள்ளே நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, வேலை இவ்வளவு சுத்தம், ஆள்தான் இப்படி என்று பல்லைக் கடித்தார்.

அண்ணி வண்டிக்குள் தலையை விட்டு எண்ணினார். பிறகு ஆறு குளம் எல்லாம் ஓட்டிக் கடப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் பதறிவிட்டார். தண்ணீரைக் கண்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். கரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் பூட்ஸோடு நடந்துதான் அக்கரை மாட்டுக்கு ஊசி போடுவார். வேறு யாராவது ஓட்டுவார்களா என்றதற்குச் சிரித்தார்.

"வீட்ல இருக்கறது நாங்க ரெண்டு பேர். அவளுக்கு சைக்கிளே பயம்."

அந்த நேரத்தில் பின்பக்கத் தொழுவத்திலிருந்து யாரோ கூப்பிட, டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் மனைவி டீ டம்ளர்களை எடுக்க வந்தார். அண்ணி டம்ளரை நீட்டிக்கொண்டே, காய்கறி விலை கேட்பது போலக் கேட்டார்.

"ஆத்தை எந்த கியர்ல கடப்பீங்க?"

"ஃபோர் லோ போட்டு செகண்ட்லதான். நடுவுல கியரை மாத்தினா..."

அதோடு நின்றுவிட்டார். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்தம்மா உட்கார்ந்து, தொழுவப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவர் அப்பா லாரி வைத்திருந்தவர். பதினாறு வயதிலேயே ஓட்டப் பழகியவர். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தடுப்பூசி முகாமுக்கு அரசாங்க வேனில் போய்விடுவார். அன்றைக்கு ஜீப் சும்மா நிற்கும். சேற்றிலும் ஆற்றிலும் ஓட்டுகிற பந்தயத்துக்கு அந்தம்மா போய்விடுவார். மூன்று வருஷம், மூன்று மெடல். சொன்னால் மனிதருக்கு நெஞ்சு நின்றுவிடும் என்று சொல்லவில்லை.

"ஓட்டத் தெரியுமான்னு இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்கலை. அந்த வாடை மாட்டு வாடைன்னு நினைச்சுட்டு இருக்கார் பாவம். ரப்பர் தரை போடுங்கன்னு சொன்னதே நான்தான்."

அந்த மெடல்களைத்தான் டப்பாவில் போட்டுப் பக்கத்து சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். தானே கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அதை எடுப்பதற்குள் டாக்டர் அவசரப்பட்டு வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டார். டப்பா போயே போய்விட்டது என்று மூன்று நாளாக அந்தம்மா யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தம்பி, தரையில மொத்தம் எத்தனை மூடி?" என்றார் அண்ணி.

"நாலு. திறந்து காட்டினாரே."

"இறங்கிப் போய் எண்ணு."

போய் எண்ணினேன். ஐந்து. நாலு மூடி பள்ளத்தில். ஐந்தாவது பக்கத்து சீட்டுக்கு அடியில், தரை மேடாக எழும்புகிற இடத்தில். வாளித் தண்ணீர் அதன் பக்கம்கூடப் போகவில்லை.

"தண்ணி மேட்டுல ஏறி வடியாது. வடிகால் இல்லாத இடத்துல மூடி எதுக்கு? அந்த மனுஷன் சுவத்துல என்ன எழுதியிருந்தார்?"

எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம். போல்ட்டுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன். உள்ளங்கை அகல ரப்பர் மூடியை நெம்பித் திறந்து கையை விட்டேன். இரும்புத் தரையின் இரண்டு மேட்டு வரிகளுக்கு நடுவே, பழைய மிட்டாய் டப்பா ஒன்று பத்திரமாகப் படுத்திருந்தது. தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டு ஒன்று, சிவப்பு, அதைச் சுற்றி இரண்டு சுற்று.

டாக்டர் மனைவி அதைப் பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தார். மூன்று மெடல். அவற்றுக்கு நடுவில், காகிதப் பொட்டலம் பிரிந்து, கல் வைத்த மோதிரம்.

அண்ணியின் முகத்தில் முதன்முறையாக ஆச்சரியத்தைப் பார்த்தேன். டப்பா கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். மோதிரம் அதிலேயே இருக்கும் என்பது தெரியாது.

"இதை நீங்களா எடுத்தீங்க?"

"போன மாசம் கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கிக் காய வைக்கும்போது கிழிசல்ல கிடைச்சுது." அந்தம்மாவின் குரல் சின்னதாகிவிட்டது. மோதிரத்தை மோதிர விரலில் மாட்டிக் காட்டினார். இரண்டாவது கணுவோடு நின்றது. "பாருங்க. எனக்கு ஏறவே இல்லை. இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கையைப் பிடிச்சிருக்கிற மனுஷனுக்கு என் விரல் அளவு தெரியாதா? அப்ப இது யாரோட விரலுக்கு? அவராவே தேடுவார், யாருக்காகத் துடிக்கிறார்னு பாப்போம்னு எடுத்து வெச்சேன்."

மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் எங்களிடம் சத்தியம் வாங்காத குறை. அண்ணி, மோதிரம் யாருக்கு என்பதை உங்கள் வீட்டுக்காரர் வாயாலேயே கேளுங்கள் என்றார். ஆனால் இந்த மோதிரத்துக்காக ஒரு மனிதர் நாலு மணிக்குத் திருடன் ஆகப்போகிறார் என்பதையும், உங்கள் டப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அவர் பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்பதையும் சொன்னார். மோதிரத்தை எங்களிடம் தனியாகக் கொடுத்துவிட்டால் போதும், மெடல் கதை வெளியே வராது என்று நான் நடுவில் ஒரு வழி சொல்லிப் பார்த்தேன்.

டாக்டர் மனைவி தலையை ஆட்டினார். "அப்பவும் அந்த மாஸ்டர் எடுத்து, பயந்து திருப்பிக் கொடுத்தார்னுதான் ஊர் பேசும்." எழுந்து தொழுவப் பக்கம் நடந்தார். கையில் டப்பா திறந்தபடியே இருந்தது.

நாங்கள் போகவில்லை. ஆனால் ஜன்னல் இருந்தது, எனக்குக் காதும் இருந்தது. முதலில் டாக்டர் "தண்ணிக்குள்ளயா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு ஏதோ வாளி உருண்டது. வெளியே வந்தபோது டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி தூங்கும்போது விளக்கைப் போடாமல் விரலில் நூல் சுற்றி அளவு எடுத்தாராம். இருட்டில் பிடித்தது சுண்டு விரலை. மோதிரம் இப்போது அந்தச் சுண்டு விரலில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மணி மூன்று இருபது. டாக்டர் சாவியை மனைவி கையில் கொடுத்தார், ஜீப்பை அந்தம்மா ஓட்டினார். சாலை வழி போனால் நேரமாகும் என்று ஆற்று வழியே விட்டார். டாக்டர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின்சீட்டில் நானும் மூடிக்கொண்டேன், அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பட்டறையில் படைத் தலைவர் வந்து முட்டை அட்டைப் போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு சொட்டச் சொட்ட ஜீப் உள்ளே வந்து நின்றது. டாக்டர் இறங்கி, எல்லார் முன்னாலும், நேற்று இந்த வாசலில் நின்று கத்தியது தன் முட்டாள்தனம் என்று சொல்லி மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாஸ்டருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"டப்பாவை என்கிட்டயாவது காட்டியிருக்கலாமே," என்றார் டாக்டர்.

"அதுல தலைமுடி பேண்டு சுத்தியிருந்துது சார்." மாஸ்டரின் தொண்டை இன்னும் கரகரத்தது. "உங்க தலையில முடி இல்லை. உங்களுது இல்லாததை உங்ககிட்ட எப்படிக் காட்டறது? வெச்சவங்க தேடினா கிடைக்கட்டும்னு ஒரு மூடி போட்டேன். உள்ளே என்ன இருக்குன்னு நான் திறந்து பாக்கலை."

படைத் தலைவர் ஐந்தாவது மூடியைக் குனிந்து பார்த்தார். எங்கள் பன்னிரண்டு வண்டிக்கும் நாலு மூடி போதும் என்று சொல்லி, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.

மாஸ்டரின் மனைவி இத்தனை நேரமும் கதவோரமே நின்றிருந்தார். எல்லாரும் ஜீப்பைச் சுற்றிப் போனதும் மெதுவாக அவர் பக்கத்தில் வந்தார்.

"ஏங்க, ஒரு நிமிஷம் உங்களை நான் சந்தேகப்பட்டேன்."

"தெரியும். விடிய விடியப் புரண்டுட்டே இருந்தியே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் குறட்டை விட்டுத் தூங்கினீங்களே."

மாஸ்டர் சாக்கட்டியை எடுத்து அதற்குரிய குழியில் வைத்தார். "நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீயும் தூங்க மாட்டேன்னுதான் குறட்டை விட்டேன். எட்டு மணி நேரம். தொண்டை புண்ணாப் போச்சு."

நான் மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். குறட்டை விட்டவன் திருட மாட்டான் என்று காலையில் சொன்ன அண்ணி, முட்டை அட்டையில் ஒரு போல்ட்டின் எண்ணை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உப்புப் போட்டு வாய் கொப்பளிக்க வெந்நீர் வைக்கிறேன் என்று உள்ளே போனார்.